டென்மார்க் கவிஞர் பென்னி ஆண்டர்சன் பத்தி தெரிஞ்சவங்க இருக்கீங்களா? அந்த காபி பாட்டு கிண்டலா நிஜமா?

ஓர்ஹூஸ்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. டென்மார்க்ல ரொம்ப நாளா இருக்கறவங்க, இல்ல அந்த ஊர் இலக்கியம் படிச்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

எம்பொண்ணு ஸ்கூல்ல காலைல எல்லாக் குழந்தைகளும் ஹால்ல ஒண்ணா உக்காந்து பாடுவாங்க, மோர்கன்சாங்னு சொல்றாங்க. பேரண்ட்ஸும் வரலாம்னு ஒரு நாள் கூப்பிட்டாங்க, போனேன். ஏதோ சாமி பாட்டோ தேசபக்தி பாட்டோ வரும்னு நெனச்சா, ஒரு ஆளு காலைல எந்திரிக்கறான், சூரியன் செவப்பா உருண்டையா இருக்கு, நீனான்னு ஒரு பொண்ணு குளிக்கப் போயிருக்கா, இவன் சீஸ் வெச்ச ரொட்டி திங்கறான், ஒரு சிலந்தி போகுது, வானம் ஓரளவு நீலமா இருக்கு, வாழ்க்கை அப்படி ஒண்ணும் மோசமில்ல, இன்னும் கொஞ்ச நேரத்துல காபி ரெடி. அவ்வளவுதான் பாட்டே! இதை தாத்தா பாட்டிங்க திரைய பாக்காம மனப்பாடமா பாடறாங்க, ஒருத்தர் கண்ணு கலங்கி வேற இருக்காரு. கடைசி சரணத்துல நீனா ஈர உடம்போட துணியில்லாம வந்து முத்தம் குடுத்துட்டு தலை சீவப் போறா, அதையும் ஆறு வயசுப் பசங்க சத்தமா பாடுதுங்க, ஒரு டீச்சரும் நெளியல. நாந்தான் நெளிஞ்சேன்.

ஆபீஸ்ல கேட்டா "அவர் எங்க பெரிய கவிஞர்"ங்கறாங்க. தேடிப் பாத்தா பார்ல பியானோ வாசிச்சவர்னு வருது. அப்ப இவர் கவிஞரா, பாட்டெழுதறவரா? இந்தப் பாட்டு சந்தோஷத்த கிண்டல் பண்ணுதா, இல்ல உண்மையாவே இவ்வளவுதான் சந்தோஷம்னு சொல்லுதா? என் டேனிஷ் ரொம்ப சுமார், அதுக்கு எட்டற மாதிரி அவரோடது ஏதாச்சும் இருக்கா?

---

ஹெர்னிங் பெரியவர் எழுதியது:

வணக்கம் தம்பி. நீங்கள் கேட்ட பாட்டு "ஸ்வாந்தேயின்ர சந்தோச நாள்". நாங்கள் எண்பதுகளில அகதியா வந்து மொழிப் பள்ளிக்கூடத்தில இருந்த காலத்தில ரீச்சர் முதல் முதல் படிப்பிச்ச பாட்டுகளில இதுவும் ஒண்டு. ஏனெண்டால் சொல்லெல்லாம் லேசு, வெய்யில், பாண், சீஸ், குளியல், கோப்பி, புல்லு, தேனீ. அப்ப எனக்கு இது ஏதோ குழந்தைப் பாட்டு எண்டுதான் பட்டது, வகுப்பில இருந்த நாங்கள் எல்லாரும் வீட்டை நினைச்சுக் கொண்டு இருக்கிற ஆக்கள், மனிசி குளிக்கிறதும் கோப்பி கொதிக்கிறதும் ஒரு பாட்டுக்குரிய விசயமோ எண்டு ஒரு அலட்சியம் இருந்தது. சில வருசம் கழிச்சு குடும்பத்தைக் கூப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய வீட்டில ஒரு சோலியும் இல்லாமல் இருந்தாப்போலதான் அந்தப் பாட்டு விளங்கினது.

உங்கட கேள்விக்கு. யூலண்ட் (டென்மார்க்கின்ர மேற்குத் தீபகற்பம்) பக்கத்தில இருக்கிறீங்கள், கவனிச்சிருப்பீங்கள், இஞ்ச ஒருத்தரும் "நல்லா இருக்கு" எண்டு வாய் திறந்து சொல்லமாட்டினம். "அவ்வளவு மோசமில்லை" எண்டால் அதுதான் உச்சப் புகழ்ச்சி. பென்னி ஆண்டர்சன் யூலண்டார் இல்லை, கோபன்ஹேகனுக்கு வடக்கால வாங்கெடே எண்ட இடத்தில 1929 இல பிறந்தவர், ஆனால் இந்தக் குணம் நாடு முழுக்க இருக்குது. அதால அதைக் கிண்டல் எண்டு எடுக்காதேங்கோ. கொஞ்சம் வெக்கப்பட்டுக் கொண்டு சந்தோசப்படுகிறார், அவ்வளவுதான்.

வாங்கெடே அப்ப தொழிலாளர் இருந்த இடம், சுத்திவர இருக்கிற கென்டொப்ட் பணக்காரப் பகுதி. ஆள் தொழிலாளிக் குடும்பம். விளம்பரக் கொம்பனி ஒண்டில எடுபிடி வேலை செய்து கொண்டு பின்னேர வகுப்பில படிச்சவர். பிறகு ஒரு சின்ன இசைக் குழுவோட ஸ்கண்டிநேவியா முழுக்க ஹோட்டல் ஹோட்டலாப் போய் பியானோ வாசிச்சவர், அதுதான் நீங்கள் பார்த்த பார் விசயம். முதல் கவிதைப் புத்தகம் 1960 இல, "இசை தெரிஞ்ச விலாங்கு மீன்" எண்ட மாதிரி ஒரு தலைப்பு. அப்ப வயசு முப்பது.

---

பழைய ரெக்கார்டு எழுதியது:

பெரியவர் சொன்னதுல பாதிக்கு மேல ஒத்துக்கறேன். ஆனா "வெக்கப்பட்டுக்கிட்டு சந்தோஷப்படறார்"னு நிறுத்திட்டா முக்கியமான ஒண்ணு விட்டுப்போகுது, அந்தப் பாட்டப் பாடறது பென்னி இல்ல, ஸ்வாந்தே.

ஸ்வாந்தே ஸ்வென்ட்சன்னு ஒரு ஆள் கிடையவே கிடையாது, பென்னியோட கற்பனை. 1972ல "ஸ்வாந்தேஸ் விசர்" புக் வந்துச்சு, ஸ்வாந்தேவோட பாட்டுகள்னு அர்த்தம். அதுல பென்னி "என் நண்பன் ஒருத்தன் இருந்தான், பாட்டெல்லாம் எழுதி அங்கங்க போட்டுட்டான், நான் பொறுக்கி எடுத்து குடுக்கறேன்"ங்கற தோரணைல எழுதியிருப்பார். நடுநடுவுல ஸ்வாந்தே பத்தின கதையும் வரும். மனுசன் குடிகாரன், சோம்பேறி, நீனா மேல உயிரா இருப்பான், ஆனா எதுலயும் உருப்படியா நிக்கமாட்டான். அதே தொகுப்புல "ஸ்வாந்தேவோட கருப்புப் பாட்டு"ன்னு ஒண்ணு இருக்கு, அத கேட்டுட்டு உடனே காபி பாட்டக் கேளுங்க, அப்ப தெரியும். குட்டிச்சுவரா கெடக்கற ஒரு வாழ்க்கைல ஒரே ஒரு காலை நேரம் எல்லாம் சரியா அமையுது, அவனுக்கே நம்ப முடியல, அதான் பெரிய வார்த்தை எதுவும் சொல்லாம புல்லு ஈரமா இருக்கு, தேனீக்கள் நல்லா இருக்குன்னு கண்ணுக்கு முன்னாடி இருக்கறத ஒண்ணொண்ணா எண்ணிட்டு இருக்கான். பெரிசா சொன்னா கலைஞ்சிடுமோன்னு பயம். உங்க ஸ்கூல்ல அழுத தாத்தாவுக்கு மொத்த ரெக்கார்டும் மனசுல ஓடியிருக்கும். பசங்களுக்கு அது வெறும் காலைப் பாட்டு, ரெண்டு விதமாவும் பாடலாம்ங்கறதுலதான் அவர் கெட்டிக்காரத்தனமே இருக்கு.

இன்னொரு விஷயம், புக்கா மட்டும் இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. மெட்டும் பென்னியே போட்டதுதான், ஆனா 1973ல ரெக்கார்டா வந்தப்ப பாடினது போவ்ல் டிஸ்ஸிங். ப்ளூஸ் பாடிட்டு இருந்த ஆளு. குரல் கரகரன்னு, நடுங்கி, நுனியில கிழிஞ்சு வரும், மொத தடவ கேக்கறவங்க ஆஃப் பண்ணிடுவாங்க. ஆனா ஸ்வாந்தே மாதிரி ஒரு ஆளுக்கு இழைச்சு வெச்ச குரல் எப்படி பொருந்தும்? அந்த கரகர குரல்ல "சந்தோஷம் அப்படி ஒண்ணும் மோசமில்ல"ன்னு வர்றப்பதான் நமக்கு நம்பிக்கையே வருது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பல வருஷம் ஊர் ஊரா சேர்ந்து மேடை ஏறினாங்க, பென்னி பியானோல, டிஸ்ஸிங் பாட. பென்னி 2018 ஆகஸ்ட்ல 88 வயசுல போனார், டிஸ்ஸிங் 2022 ஜூலைல.

அரசாங்கமே 2006ல டென்மார்க்கோட முக்கியமான கலைப் படைப்புகள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு, அதுல வெகுஜன இசைப் பிரிவுல இந்த ரெக்கார்டு இருக்கு. அதனால கவிஞரா பாட்டெழுதறவரா கேள்விக்கு பதில், ரெண்டும். 1972லயே எழுத்தாளர்களோட அமைப்பான டேனிஷ் அகாடமில உறுப்பினரும் ஆயிட்டார், பாட்டு எழுதறவன்னு யாரும் வாசல்ல நிறுத்தல.

---

சும்மா வந்தவன் எழுதியது:

நான் கொஞ்சம் எதிர்க்கருத்து சொல்லிக்கறேன், அடிக்க வராதீங்க. எனக்கு இவர பாத்தா சோஃபால உக்காந்து படிக்கற கவிஞர்னுதான் தோணுது. எல்லாத்துலயும் ஒரு புன்னகை, எல்லாத்துலயும் ஒரு சின்ன ஜோக்கு, "பறவைகள் கூட்டமா பறக்குது, போதுமான அளவு பறவை இருந்தா"ன்னு ஒரு வரி, சரி சிரிப்பு வருது, அப்புறம்? அதே 1960ல க்ளவுஸ் ரிஃப்பியர் "கான்ஃப்ரன்டேஷன்" தொகுப்பு போட்டு டேனிஷ் கவிதையையே ஆட்டி வெச்சார். 1969ல இங்கர் கிறிஸ்டென்சன் "டே"ன்னு ("அது"ன்னு அர்த்தம்) ஒரு நீளக் கவிதை எழுதினாங்க, பிரபஞ்சம் உண்டாகறதுலேந்து ஆரம்பிக்குது, 1981ல "ஆல்ஃபபெட்", ஃபிபனாச்சி எண்வரிசைல வரிகள் கூடிட்டே போகும், பாதாமி மரங்கள் இருக்குன்னு ஆரம்பிச்சு அணுகுண்டு வரைக்கும். அதெல்லாம் இருக்கறப்ப காபி கொதிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எல்லாருக்கும் பிடிச்ச கவிஞர்னாலே எனக்கு கொஞ்சம் சந்தேகம்.

---

நூலகப்பூச்சி எழுதியது:

சும்மா வந்தவரே, நீங்க சும்மா வரலன்னு தெரியுது :) இங்கர் கிறிஸ்டென்சன் பெரிய ஆளுதான், மறுக்கல. ஆனா பென்னிய காபி பாட்ட மட்டும் வெச்சு எடை போட்டா எப்படி, இத படிச்சிருக்கீங்களான்னு சொல்லுங்க.

"டீடன்"னு ஒரு கவிதை, நேரம்னு அர்த்தம். வீட்டுல பன்னெண்டு கடிகாரம் இருக்கு, இருந்தும் நேரம் பத்தலன்னு ஆரம்பிக்கும். அப்பா சமையல்கட்டுக்குப் போய் ஒல்லியா இருக்கற பையனுக்கு சாக்லேட் பால் எடுத்துட்டு வர்றார், திரும்பி வர்றதுக்குள்ள பையன் சாக்லேட் பால் வயச தாண்டிட்டான், பீர் வேணும் பொண்ணுங்க வேணும் புரட்சி வேணும்ங்கறான். அடுத்து பொண்ணு, வெளிய விளையாடப் போறா, உள்ள வந்ததும் நானும் வீட்டுக்காரரும் நாடகத்துக்குப் போறோம் குழந்தைய பாத்துக்கிறீங்களான்னு கேக்கறா. ஒரு கவிதைக்குள்ள ஒரு ஆயுசு ஓடிருது, ஓடறது ஒரு சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல. எனக்கு ரெண்டு பசங்க, ஒருத்தன் காலேஜ் போயிட்டான், இத படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் யார்கிட்டயும் பேசல. இது சோஃபா கவிதையா?

இன்னொண்ணு "கோட்ஹெத்", நல்ல குணம்னு வெச்சுக்கங்க. ஒருத்தன் நல்லவனா இருக்க படாத பாடு படறான், அடுத்தவங்களுக்கு கோட்டு பிடிக்கறான், கதவு தொறந்து விடறான், எடம் பிடிச்சு வெக்கறான், கையெல்லாம் வலிக்குது. கடைசில வீட்டுல தனியா உக்காந்து எதிர்ல கடிகாரத்த வெச்சுகிட்டு நல்ல குணத்த ப்ராக்டிஸ் பண்றான். ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் தாக்குப் பிடிக்கறானாம், யாரும் தொந்தரவு பண்ணாம இருந்தா! நல்ல மனுசங்கன்னு நம்மள நாமே நெனச்சுக்கறமே, அத இவ்வளவு மெதுவா குத்தினவங்க எனக்குத் தெரிஞ்சு கம்மி. குத்தறதே தெரியாது, சிரிச்சு முடிச்சப்புறம்தான் வலிக்கும்.

வெறும் இனிப்பா எழுதினா ஒரு பருவம் விக்கும், அப்புறம் நின்னுரும். 1998ல வந்த அவரோட மொத்தக் கவிதைத் தொகுப்பு லட்சம் பிரதிக்கு மேல போச்சு, ஊர்ல அப்ப மொத்த ஜனத்தொகையே அம்பது லட்சத்து சொச்சம்தான், கைக்குழந்தையெல்லாம் சேத்து. கவிதை புக் இந்த மாதிரி எங்க விக்குது?

கேள்வி கேட்டவருக்கு: உங்க டேனிஷுக்கு இவர்தான் சரியான ஆள். பேச்சு மொழி, சின்னச் சின்ன வாக்கியம். நேரா பெரிய தொகுப்புக்கு போகாதீங்க, பொண்ணோட சேர்ந்து ஸ்னோவ்ஸன் கதைங்கள்லேந்து ஆரம்பிங்க. ஒத்தக் கால் பிராணி ஒண்ணு, எய்கில்னு ஒரு பையன், 1967ல மொத புக் வந்தது, அதுவும் பென்னி எழுதினதுதான், அப்புறம் சினிமாவாவும் வந்துச்சு. உங்க ஓர்ஹூஸ் ஊர்ல டொக்வன் நூலகத்துலயே கிடைக்கும், காசு கிடையாது.

---

ஓர்ஹூஸ்வாசி எழுதியது:

ஐயோ இவ்வளவு பதில் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றிங்க. ரெக்கார்ட முழுசா கேட்டேன், டிஸ்ஸிங் குரலுக்கு எம்பொண்ணு "இவருக்கு சளியா"ன்னு கேட்டா. ஆனா பழைய ரெக்கார்டு சொன்னது சரி, மத்த பாட்டுகளோட கேட்டப்ப அந்த பாட்டு வேற மாதிரி இருந்துச்சு. நீனா குளியலறைல பாடறது இவனுக்கு கேக்குது, "அவ சந்தோஷமா இருக்கா போல"ன்னு ஊகம்தான் பண்றான், நேரா கேக்க தைரியமில்ல, அந்த இடம் எனக்கு ரொம்ப பிடிச்சுது.

இன்னொரு சந்தேகம். இந்த ஊர்ல எதுக்கெடுத்தாலும் கூட்டமா உக்காந்து பாடறாங்களே, ஆபீஸ் மீட்டிங்ல கூட. அது எங்கேந்து வந்துச்சு? எனக்கு பாட்டு தெரியாம வாயசைச்சிட்டு நிக்கறது ஒரு மாதிரி இருக்கு.

---

ஹெர்னிங் பெரியவர் எழுதியது:

தம்பி, அதுக்கு நீங்கள் க்ருன்ட்விக் எண்டவரைத் தெரிஞ்சிருக்க வேணும். 1783 இல பிறந்து 1872 வரை இருந்தவர், பாதிரியார், கவிஞர், ஆயிரத்துக்கு மேல தேவாலயப் பாட்டு எழுதினவர். பரீட்சை இல்லாத பள்ளிக்கூடம் வேணும், கமக்காரப் பிள்ளையள் வந்திருந்து கதைச்சுப் பாடிப் படிக்கவேணும் எண்டு சொன்னவர். அந்த எண்ணத்தில 1844 இல ரொட்டிங் எண்ட ஊரில முதல் ஹொய்ஸ்கோலெ, அதாவது அப்படிப்பட்ட மக்கள் பள்ளிக்கூடம், தொடங்கினது. அங்க பாடின பாட்டெல்லாம் சேர்த்து 1894 இல ஒரு பாட்டுப் புத்தகம் வந்தது, நீல மட்டையோட ஒண்டு கண்டிருப்பீங்களே, அதுதான் திருத்தித் திருத்தி இப்ப 2020 இல வந்த பதிப்பில 601 பாட்டு. உங்கட காபி பாட்டும் அதுக்குள்ள இருக்குது, தேவாலயப் பாட்டோட சேர்ந்து ஒரே மட்டைக்குள்ள!

ஜேர்மன்காரர் பிடிச்சு வைச்சிருந்த 1940 இல ஊர் ஊரா சனம் கூடி நிண்டு பாடினது, எதிர்ப்பைக் காட்டுறதுக்கு அது ஒரு வழி. பிறகு கொரோனா நேரம் எல்லாரும் வீட்டுக்குள்ள முடங்கினபோது ரெலிவிசனில ஒவ்வொரு காலையும் ஒருத்தர் பியானோவோட இருந்து பாடுவிச்சவர், நானும் மனிசியும் தேத்தண்ணியோட இருந்து பாடினனாங்கள்.

வாயசைக்கிறது பற்றிச் சொன்னீங்கள். 2018 கடைசியில கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் ஒண்டில ஊழியர் கூட்டத்தில "டேனிஷ் பாட்டு ஒரு இளம் பொன்முடிப் பெண்" எண்டு தொடங்கிற பழைய பாட்டைப் பாடினவை. 1924 இல எழுதினது, கார்ல் நீல்சன் மெட்டு. அங்க வேலை செய்த வெளிநாட்டுப் பின்னணி உள்ள ஒருத்தருக்கு அது தன்னை வெளியில தள்ளினமாதிரி இருந்தது எண்டு சொல்ல, தலைமை மன்னிப்புக் கேக்க, பிறகு நாடு முழுக்க ஒரே சண்டை, மந்திரிமார் கூட வாய் வைச்சவை. என்ர மகளுக்கும் எனக்கும் வீட்டில அதே சண்டை. அவள் இஞ்ச பிறந்தவள், பாட்டை மாத்தத் தேவையில்லை, நான் பாடினால் அது என்ர பாட்டும்தான் எண்டாள். எனக்கு அவ்வளவு லேசாப் படேல்லை, நான் அந்தப் பாட்டு வந்தால் இப்பவும் சும்மா இருப்பன். பென்னியின்ர பாட்டில அந்தக் கரைச்சல் இல்லை. அதில நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, கொடி இல்லை, தலைமயிர் நிறம் இல்லை. நீனா தலை சீவுறாள், என்ன நிறம் எண்டு அவர் சொல்லேல்லை. ஆரும் பாடலாம்.

அவரும் பிற்காலத்தில பார்பேடோஸ் பெண் ஒருத்தரைக் கலியாணம் கட்டி, சில காலம் அந்தத் தீவில இருந்தவர். வேற ஊரில போய் இருந்து பார்த்த மனுசன்.

---

பழைய ரெக்கார்டு எழுதியது:

நீனா முடி நிறம்! இத்தன வருஷமா கேக்கறேன், கவனிச்சதில்ல பெரியவரே.

வாங்கெடே பத்தி ஒரு துணுக்கு. அதே ஊர்லதான் டான் டுரெல்லும் வளர்ந்தார், நகத்துக்கு கருப்பு சாயம் பூசிகிட்டு கவிதை படிப்பாரே அவர்தான், 1975ல அந்த ஊர் பேர்லயே ஒரு புக் எழுதினார். ஒரு குட்டி ஊர்லேந்து ரெண்டு பேர்.

---

சும்மா வந்தவன் எழுதியது:

டீடன் தேடிப் படிச்சேன். நல்லாருக்கு, ஒத்துக்கறேன், அந்த சாக்லேட் பால் இடம் ஒண்ணு போதும். கோட்ஹெத் அவ்வளவா ஒட்டல, கடைசி ஜோக்குக்காகவே எழுதின மாதிரி இருக்கு. ஆனாலும் இங்கர் கிறிஸ்டென்சன்தான் எனக்கு, யாராச்சும் ஆல்ஃபபெட் பத்தி பேசணும்னா நான் ரெடி.

---

நூலகப்பூச்சி எழுதியது:

அதுக்கு தனி இழை தொறங்க, இங்க வேணாம். நானும் வர்றேன், ஃபிபனாச்சிய மொதல்ல நீங்க விளக்கணும், எனக்கு கணக்கு ஆகாது.

@ஓர்ஹூஸ்வாசி, ஸ்னோவ்ஸன் எடுக்கப் போறப்ப மொத புக்கயே கேளுங்க, எய்கிலும் சாக்குல பூனையும்னு தலைப்புல வரும். அடுத்தடுத்த பாகம் மொதல்ல கைல கிடைச்சிட்டா யாரு எவருன்னு புரியாம பொண்ணு உங்களத்தான் கேள்வி கேக்கும்.